விக்கிப்பீடியாவில் இன்னும் பழைய பெயர்: மாற்றுவது எப்படி?

கேள்வி: நான் திருநம்பி, பாடகர். பெயர் மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என்னைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரை மட்டும் பழைய பெயரிலேயே நிற்கிறது. நானே திருத்தினேன், ஒரு மணி நேரத்தில் யாரோ பழையபடி ஆக்கிவிட்டார்கள். முன்பணமும் சான்றிதழ் நகலும் கொடுத்தால், பழைய பெயரின் சுவடே இல்லாமல் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணமும் வேண்டாம், நகலும் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு விக்கிப்பீடியா எந்த அரசு ஆவணத்தையும் நிபந்தனையாகக் கேட்பதில்லை. கேட்பவர் உங்கள் அடையாளத்தைக் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்.

உங்கள் திருத்தம் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் அதைச் செய்த முறைதான். கட்டுரை முழுக்கப் பெயரைத் தேடி மாற்றினால், படக் கோப்பின் பெயரும் சேர்ந்து மாறும். படம் காணாமல் போகும். மேற்கோளில் உள்ள செய்தித் தலைப்புகளும் மாறி, ஆதாரம் பொய்யாகிவிடும். இன்னும் சிலர் உரையை அப்படியே நகலெடுத்துப் புதுப் பெயரில் ஒரு பக்கம் தொடங்குகிறார்கள். அப்போது யார் எதை எழுதினார் என்ற தொகுப்பு வரலாறு அறுந்துபோவதால், பார்த்தவுடன் மீளமைத்துவிடுவார்கள். தலைப்பை மாற்ற ஒரே வழி, கட்டுரையை அதன் வரலாற்றோடு புதுத் தலைப்புக்குக் கொண்டுபோகும் 'நகர்த்தல்' என்ற வசதி. ஆங்கிலப் பதிப்பில் கணக்கு தொடங்கி 4 நாளும் 10 திருத்தமும் ஆன பிறகே அது கிடைக்கும். கிடைத்தாலும் உங்கள் கட்டுரையை நீங்களே நகர்த்த வேண்டாம்.

முதலில் உங்கள் சொந்த இணையதளத்திலோ, உங்களுடையது என்று ஊரறிந்த சமூக ஊடகக் கணக்கிலோ பெயரையும் பாலினத்தையும் இரண்டே வரியில், எல்லாரும் பார்க்கும்படி எழுதுங்கள். தன்னைப் பற்றி ஒருவர் சொல்வதை இவ்விஷயத்தில் ஆதாரமாக ஏற்பார்கள். பெயர் மாறிய பிறகு புதுப் பெயரில் வந்த செய்தி, பேட்டி, விமர்சனம் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்குப் பின் எழுதப்பட்டவற்றுக்கே கூடுதல் எடை என்பது விதி. பழைய செய்திகள் நூறு இருக்கின்றனவே என்று யாராவது வாதாடினால் இதை எடுத்துக்காட்டுங்கள்.

அடுத்து கட்டுரையைப் பற்றி விவாதிக்க அதனுடன் உள்ள பேச்சுப் பக்கத்தில், இன்னார் நான்தான் என்று சொல்லி, வேண்டிய தலைப்பையும் இணைப்புகளையும் கொடுத்துக் கோரிக்கை வையுங்கள். மறுப்பு எழுந்தால் முறையான நகர்த்தல் உரையாடல் தொடங்கும். வழக்கமாக 7 நாள் நடக்கும். முகவரி, பிறந்த தேதி போன்ற அந்தரங்கத் தகவல் கட்டுரையில் ஏறியிருந்தால் அதைப் பேச்சுப் பக்கத்தில் எழுதவே எழுதாதீர்கள், அங்கு எழுதுவது உலகத்துக்கே தெரியும். 'தொடர்புக்கு' பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் வழியாகத் தன்னார்வலர் குழுவுக்கு அனுப்புங்கள். பக்க வரலாற்றிலிருந்தே அவற்றை மறைக்கும் அதிகாரம் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்தச் 'சுவடே இல்லாமல்' என்ற வாக்குறுதி. உங்கள் விஷயத்தில் இது நடக்காது. பழைய பெயரில் இருந்தபோது ஒருவர் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறும் அளவுக்கு அறியப்பட்டிருக்கவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கும்வரை அந்தப் பெயர் எந்தப் பக்கத்திலும் வரக்கூடாது. நாளிதழில் அச்சாகியிருந்தாலும் வரக்கூடாது. அந்தப் பெயரிலேயே அறியப்பட்டிருந்தால், தொடக்க வாக்கியத்தில் ஒருமுறை, முன்னாள் பெயர் என்ற அளவில் வரலாம். கனடா நடிகரும் திருநம்பியுமான எலியட் பேஜ் பற்றிய கட்டுரை அப்படித்தான் உள்ளது. 'அறியப்பட்டவர்' என்பதை இழுத்து நீட்டுபவர்கள் உண்டு. கல்லூரி மலரில் ஒரு கவிதை, யாரும் கேட்காத ஒரு பாடல், எங்கோ ஒரு பெயர்ப் பட்டியல், இவை எதுவும் போதாது. அந்தப் பெயரில் அன்றே தனிக் கட்டுரை எழுதும் அளவுக்குச் செய்திகள் இருந்தனவா என்பதே கேள்வி. உங்களுக்கு இருந்தன, கட்டுரையே அப்படித்தான் பிறந்தது. ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை வரும். பழைய தலைப்பு வழிமாற்றாக நின்று, தேடுபவரைப் புதுப் பெயருக்குக் கொண்டுவரும். நகர்த்தல் பதிவிலும் இருக்கும். ஆனால் தலைப்பிலும் மற்ற பத்திகளிலும் அது தொடர்வதை நீங்கள் உறுதியாக மறுக்கலாம்.

இடைத்தரகர்கள் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார்கள். 'நான் நிருவாகி' என்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு கட்டுரையைத் திருத்துபவர், யார் கொடுத்தார் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 2014 முதல் அது பயன்பாட்டு விதி. அறிவிக்காதவர் பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும், உங்கள் கட்டுரையின் தலையில் எச்சரிக்கைப் பட்டை ஏறும். 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் இப்படி ஒரே கும்பலின் 381 கணக்குகள் முடக்கப்பட்டன. கட்டுரையை வெளியிடவும் பிறகு அதைக் 'காப்பாற்றவும்' அவர்கள் பணம் பறித்தார்கள்.

இவ்வளவும் பாதிக்கப்பட்டவரே சுமக்க வேண்டியிருப்பது அநியாயம். அமெரிக்க ராணுவ ஆவணங்களைக் கசியவிட்ட படைவீரரும் திருநங்கையுமான செல்சி மேனிங் 2013 ஆகஸ்ட் 22-இல் தன் பெயரை உலகறிய அறிவித்தார். அன்றே கட்டுரை நகர்த்தப்பட்டது. ஒன்பது நாளில் பழைய பெயருக்கே திருப்பினார்கள். சரியாக்க அக்டோபர் ஆனது. ஒருவர் தன் பெயரைச் சொன்ன பிறகு வாதாட என்ன இருக்கிறது? விதிகள் அதன் பின் தெளிவாகிவிட்டன, ஆனாலும் கோரிக்கைகள் வாரக்கணக்கில் வரிசையில் கிடக்கின்றன.

தலைப்பு மாறியதும் மிச்சத்தைப் பாருங்கள். விக்கிப்பீடியாவின் தரவுக் கிடங்கான விக்கித்தரவில் பெயரும் பாலினமும் தனியாக உள்ளன. படங்களைச் சேமிக்கும் தளமான பொதுவகத்தில் படக் கோப்பின் பெயரை மாற்றத் தனிக் கோரிக்கை வைக்க வேண்டும். தேடுபொறியின் பக்கவாட்டுப் பெட்டிக்கு அதன் கீழுள்ள 'கருத்து' இணைப்புதான் வழி. ஒவ்வொரு மொழிப் பதிப்பும் தனித்தனி ஆட்சி, ஒன்றில் நடந்தது இன்னொன்றில் தானாக நடக்காது. தமிழ்ப் பதிப்பில் 'அவர்' என்ற மரியாதைச் சொல் பாலினத்தைக் காட்டாது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். 'பாடகி', 'மகள்', 'மாணவி' என்ற சொற்கள் இடையில் ஒளிந்திருக்கும். அடியில் 'பெண் பாடகர்கள்' போன்ற பகுப்பும், அதாவது கட்டுரையை வகைப்படுத்தும் தலைப்பும், இருக்கலாம். பேச்சுப் பக்கத்தில் இவற்றை வரி வரியாகக் குறித்துக் கொடுங்கள்.