வண்டியின் மூச்சுக்குழாய்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறேன், 2.5 லிட்டர் இன்ஜின். ஏர் ஃபில்டரை உள்ளே வைத்திருக்கிற, கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு பானட்டுக்குள் ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டினால் மேடு ஏறும்போது இழுவை கூடும் என்கிறார்கள். செலவும் குறைவு. செய்யலாமா?

பதில்: கூடுவது சத்தம்தான். ஏர் பாக்ஸும் அதோடு ஒட்டியிருக்கிற காலி டப்பா மாதிரியான அறையும், இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இரைச்சலையும் சேர்த்தே அடக்குகின்றன. அதைப் பிடுங்கியதும் வண்டி உறுமும், உறுமினால் வேகமாகப் போகிற மாதிரித் தோன்றும். ஆனால் பானட்டுக்குள் இருப்பது வெந்த காற்று. மட்கார்டு பக்கமிருந்து 30 டிகிரியில் வந்துகொண்டிருந்த காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்றைக் கொடுத்தால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. முதல் கியரில் மெதுவாக மேடு ஏறும்போதுதான் பானட்டுக்குள் சூடு எகிறும், அதாவது இழுவை தேவைப்படுகிற நேரம் பார்த்துக் காலை வாரும். தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் தனிக் கணக்கு.

எதையும் அறுக்கும் முன் அளந்து பாருங்கள். கண்ணாடி மாதிரி தெரிகிற மெல்லிய பிளாஸ்டிக் டியூப் 5 மீட்டர் வாங்கி, அதில் 2 மீட்டரை ஒரு பலகையில் 'ப' எழுத்தைப் போல, தலா ஒரு மீட்டர் உயரமாக இரண்டு கால் வருகிற மாதிரி வளைத்துக் கட்டி, பாதி உயரம் வரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸில் ஒரு சின்ன துளை வழியாகச் சேருங்கள் (ஹோஸைக் கழற்றி வெளியே வைத்துத் துளையிடுங்கள், பிசிறு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது, வேலை முடிந்ததும் துளையை இறுக அடைத்துவிடுங்கள்). பலகையைப் பக்கத்து இருக்கையில் நிறுத்தி, ஒருவர் ஓட்ட இன்னொருவர் படிக்க வேண்டும். நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் போதாது, டர்போ வண்டியில் சுமை ஏறினால்தான் காற்று முழுதாக ஓடும். ஆகவே ஒரு நல்ல ஏற்றத்தில் முழுதாக மிதித்து, இரண்டு காலிலும் நீர்மட்டம் எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று பாருங்கள்.

உதாரணமாக 250 மி.மீ. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தம் அதே தண்ணீர்க் கணக்கில் சுமார் 10,300 மி.மீ. ஆக, ஃபில்டர், பாக்ஸ், பைப் எல்லாவற்றையும் கழற்றித் தூர எறிந்தாலும் நீங்கள் மீட்கக்கூடியது இரண்டரை சதவீதத்தைத் தாண்டாது. இதற்கா அறுப்பது? 500 மி.மீ.க்கு மேல் போகிறது என்றால் விஷயம் வேறு. டீசல் இன்ஜின்களில் 500 முதல் 635 மி.மீ. வந்தாலே ஃபில்டரை மாற்றச் சொல்வது வழக்கம், எனவே முதலில் புது ஃபில்டர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் ஃபில்டருக்கு முந்திய பக்கத்திலும் ஒரு அளவு எடுங்கள். அடைப்பு மட்கார்டுக்குள் நீட்டிக் காற்றை எடுக்கிற பைப்பின் குறுகிய மூக்கில் இருப்பது தெரிந்தால் அதை மட்டும் பெரிதாக்கினால் போதும்.

கேள்வி: வீட்டுக் குழாய் வேலைக்கான பி.வி.சி. பைப்பில் ஸ்நார்க்கல், அதாவது தண்ணீர் புகாமல் உயரத்திலிருந்து காற்று எடுக்கிற குழாய், செய்யலாம் என்கிறார்களே, தாங்குமா?

பதில்: வெளியே தாங்கும், பானட்டுக்குள் தாங்காது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் தடவை செய்தபோது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் குழாய்) ஒரு சாண் தள்ளி ஒரு எல்போவை, அதாவது முழங்கை மாதிரி வளைந்த பைப் துண்டை, கொண்டுபோனேன், பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. ஒரு நீண்ட ஏற்றம் முடிந்து பானட்டைத் திறந்தால் எல்போ தொங்கிப்போய், ஜாயிண்ட் ஒரு பக்கமாக வாயைப் பிளந்து, அன்றைக்குக் கிளப்பின தூசி முழுவதும் அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய்க்கான சாதாரண பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல் வேலைக்கு ஆகாது, 80 டிகிரியை நெருங்கினால் இளகிவிடும். ஆகவே பானட்டுக்குள் வருகிற துண்டுக்கு ரப்பர் அல்லது சிலிகான் ஹோஸ் போடுங்கள், உள்ளே கம்பி ஓடுகிற ரகமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உறிஞ்சும்போது சப்பிப்போகும். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது என்பதாலும் நடுவில் ஒரு வளைகிற துண்டு கட்டாயம் வேண்டும். வெளியே நிற்கிற பைப்புக்குப் பெயிண்ட் அடித்துவிடுங்கள், வெயில் பட்டே பி.வி.சி. நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் 2.5 லிட்டர் இன்ஜின் 3,000 சுற்றில், டர்போவின் தள்ளலைச் சேர்க்காமலே, நிமிடத்துக்கு 3,000 லிட்டருக்கு மேல் காற்று குடிக்கும். அதே அளவு காற்று ஓடும்போது, உள்விட்டம் 63 மி.மீ. உள்ள பைப்பை 75 மி.மீ. ஆக்கினால், வளைவுகளிலும் வாயிலும் ஏற்படுகிற அழுத்த இழப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு 45 டிகிரி. அறுத்த விளிம்பின் பிசிறை உப்புத்தாள் போட்டு இழைத்துவிடுங்கள். காற்று நுழைகிற வாயை நாதஸ்வரத்தின் அணசு மாதிரி வெளிப்பக்கம் விரித்துவிட்டால், மொட்டையாக வெட்டிய வாயில் ஏற்படுகிற இழப்பில் பெரும்பகுதி போய்விடும். பைப்பைச் சூடுபடுத்தி, வழவழப்பான ஒரு கிண்ணத்தின் அடிப்பகுதியில் அழுத்தினாலே அந்த வடிவம் வந்துவிடும். பைசா செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

நிறையப் பேர் கோட்டைவிடுகிற இடம் இன்னொன்று: ஏர் பாக்ஸின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனியே ஒரு துளை விட்டிருக்கும், அதை அடைக்காமல் தலைக்கு மேல் ஸ்நார்க்கல் வைத்து என்ன பயன், தண்ணீர் கீழே இருந்து ஏறிவிடுமே. எல்லாம் மாட்டிய பிறகு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்நார்க்கல் வாயை ஒரு தட்டையான பலகையால் மூடுங்கள். கையை வைக்காதீர்கள், துணி கூடவே கூடாது. சில நொடிகளில் இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அங்கேதான் நாளைக்குத் தண்ணீரும் புகும்.

கேள்வி: ஸ்நார்க்கல் தலை முன்பக்கம் பார்த்திருந்தால் காற்று தானாகவே அழுத்தி உள்ளே போகும்தானே?

பதில்: போகும், கணக்கைக் கேட்டால் சிரிப்பீர்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கிடைக்கிற அழுத்தம் அந்தத் தண்ணீர் டியூப்பில் 17 மி.மீ. காட்டில் நீங்கள் போகிற 20 கி.மீ. வேகத்தில் 2 மி.மீ. முன்னால் இன்னொரு வண்டி தூசி கிளப்பிக்கொண்டு போகிறதென்றால் தலையைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் லாபம்.

கேள்வி: இன்லெட் பைப்புக்குள் சொருகுகிற சுழல் தகடு, மைலேஜ் கூட்டும் என்று விற்கிறார்கள்...

பதில்: வேண்டாம். வழியில் தடை வைத்து வழியை அகலமாக்க முடியாது.

கேள்வி: ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஃபில்டரை கம்ப்ரஸரில் ஊதிச் சுத்தம் செய்கிறேன். சரிதானே?

பதில்: அக்கறை சரி, கை கொஞ்சம் அதிகம். பேப்பர் ஃபில்டரில் லேசாகத் தூசி படிந்த பிறகுதான் அது இன்னும் நன்றாக வடிகட்டும், படிந்த தூசியே இன்னொரு சல்லடையாக வேலை செய்கிறது. தினமும் ஊதினால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஊதியே ஆக வேண்டுமென்றால் 2 பாருக்கு மேல் வேண்டாம், உள்ளேயிருந்து வெளியே பார்த்து ஊதுங்கள். அப்புறம் ஒரு சோதனை: ஃபில்டருக்கு அந்தப் பக்கம், சுத்தமான காற்று போகிற பைப்பின் உட்புறத்தில் விரலால் லேசாக கிரீஸ் தடவி வையுங்கள். அடுத்த பயணம் முடிந்து வெள்ளைத் துணியால் துடைத்தால் மணல் நெறுநெறுக்கிறதா? அப்படியானால் ஃபில்டரோ அதன் விளிம்பு ரப்பரோ பிடிக்கவில்லை. எண்ணெய் போடுகிற ஃபோம் ஃபில்டராக இருந்தால் கூடுதல் எண்ணெயைப் பிழிந்து எடுத்துவிட்டு மாட்டுங்கள். காற்றளவு பார்க்கிற சென்சார் உள்ள வண்டியில் அந்த எண்ணெய் போய்ச் சென்சார் கம்பியில் ஒட்டினால் தப்புத் தப்பாக அளவு சொல்லும்.

கேள்வி: ஓடையைக் கடக்கும்போது வண்டி தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தேன். ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: செல்ஃப் அடிக்காதீர்கள், கியரில் போட்டுத் தள்ளவும் கூடாது. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 625 சிசி. அழுத்த விகிதம் 18-க்கு 1 என்றால் பிஸ்டன் உச்சத்துக்கு வரும்போது மிச்சமிருக்கிற இடம் 37 மி.லி., இரண்டரை மேசைக்கரண்டி. அதைவிட ஒரு சொட்டு கூடுதலாகத் தண்ணீர் இருந்தாலும் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கொஞ்சமாக வளைந்த ராடோடு வண்டி ஓடவும் ஓடும், பிறகு ஒரு நாள் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். ஏர் பாக்ஸைத் திறந்து ஃபில்டர் நனைந்திருக்கிறதா, அதற்கப்பால் ஹோஸில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஈரம் இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வருவது நின்ற பிறகு பேட்டரியை மாட்டி, பிளக் இல்லாமலே சில நொடி செல்ஃப் அடிக்கலாம். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் ஸ்டார்ட் செய்யும் முன்பே மாற்ற வேண்டும். ஆக்சில் ஆயிலையும் விட்டுவிடாதீர்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, ப்ரீதர் (ஆக்சில் மூச்சு விடுகிற சின்னத் துளை) வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்த ப்ரீதரில் ஒரு ஹோஸை மாட்டி பானட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிடுங்கள், ஸ்நார்க்கலுக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.