பயோஸ் திரையிலேயே ஊதாக் கட்டங்கள்

விண்டோஸ் தொடங்குமுன், கணினியை இயக்கியதும் முதலில் தோன்றும் பயோஸ் திரையிலேயே ஊதாக் கட்டங்கள் தெரிவதாக நீங்கள் எழுதியிருப்பதால், விண்டோஸுடன் இயங்கத் தொடங்கும் டிரைவர் மென்பொருளை மீண்டும் நிறுவுவதில் பயனில்லை. பெரும்பாலும், படத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் நினைவகச் சில்லே பழுதாகியிருக்கும்.

விண்டோஸ் திறந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கைபேசியில் பாருங்கள். படத்திலும் கட்டங்கள் இருந்தால் கார்டுதான்; இல்லையேல் முதலில் கேபிளையும் மொனிற்றரையும் மாற்றிப் பாருங்கள். ஆனால், கார்டின் வெளியீட்டுப் பகுதி மட்டும் பழுதானாலும் ஸ்கிரீன்ஷொட் சுத்தமாகவே வரும்.

புதிய கார்டு வாங்குமுன் இன்னொன்று: யாழ்ப்பாணத்தில் கடலை அண்டிய வீடுகளில் உப்புக்காற்றால் கார்டின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்குவதுண்டு. மின்னிணைப்பைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, அவற்றை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்தபின் இறுக்கமாகப் பொருத்துங்கள். கார்டை அவணில் சூடாக்கச் சொல்லும் காணொளிகளைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.