"அன்றைக்கு ஏன் கத்தவில்லை?"

கேள்வி: எனக்கு 27 வயது. ஒன்பது வயதில் உறவினர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் பீடி வாசனை வந்தால் கை நடுங்குகிறது, தூக்கம் போய்விடுகிறது. 'அன்றைக்கு ஏன் கத்தவில்லை?' என்று மனது குடைந்துகொண்டே இருக்கிறது. சி.பி.டி. சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை) உதவுமா? நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டுமா?

பதில்: நடந்ததில் உங்கள் தவறு துளியும் இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பெரும் பயத்தில் உடல் உறைந்துபோகும். குரல் எழாது, கைகால் அசையாது. வளர்ந்தவர்களுக்கே அப்படி ஆகிறது. நீங்கள் நாலாம் வகுப்புக் குழந்தை.

சி.பி.டி. சிகிச்சை கைவைப்பது இந்த இடத்தில்தான். 'நான் கத்தியிருந்தால் நடந்திருக்காது' என்று ஒரு தாளில் எழுதச் சொல்வோம். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்போம். அப்போது உங்கள் உயரம் என்ன? பெரியவர்களை எதிர்த்துப் பேச யாராவது பழக்கியிருந்தார்களா? பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்வதுண்டு. "இவ்வளவு சின்னதாகவா இருந்தேன்?" என்று அழுதபடி வருவார்கள். பழி இடம் மாறத் தொடங்குவது அங்கேதான்.

இதில் ஒரு முறையை அமெரிக்க உளவியலாளர் பாட்ரீசியா ரெசிக் 1980களில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகவே உருவாக்கினார். பொதுவாக 12 அமர்வுகள். நடந்ததை விவரமாகச் சொல்லாமலே இதைச் செய்ய முடியும். நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயத்தைத் தணிக்கும் முறையும் உண்டு. எது வேண்டும் என்பதை நீங்களும் சேர்ந்துதான் முடிவு செய்வீர்கள்.

பீடி வாசனை வரும்போது, கால் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'அது அன்றைக்கு, நான் இங்கே இருக்கிறேன்' என்று மனம் உணர இது உதவும்.

முதல் சில வாரங்கள் மனம் கொஞ்சம் அதிகமாகவே கலங்கலாம். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) தொலைபேசி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே அழையுங்கள்.

சிகிச்சையாளரிடம் முதல் நாளே, "இப்படிப்பட்ட பாதிப்புக்குச் சிகிச்சை கொடுத்த அனுபவம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பெண் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்றால் அதையும் கேட்கலாம்.