தாயின் பதிவில் சிசுவின் இசிஜி: வாசகர் கேள்விகள்

தாயின் வயிற்றில் எலக்ட்ரோடு ஒட்டி எடுத்த பதிவில் தாயின் துடிப்பும் சிசுவின் துடிப்பும் கலந்திருக்கின்றன. 15 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் போட்டால் சிசு மட்டும் கிடைத்துவிடாதா?

கிடைக்காது. தாயின் க்யூஆர்எஸ்ஸும் (ஒவ்வொரு துடிப்பிலும் வரும் கூர்மையான பகுதி) பெரும்பாலும் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. வயிற்றில் தாயின் ஆர் முனை, அதாவது க்யூஆர்எஸ்ஸின் உச்சி, சில நூறு மைக்ரோவோல்ட் என்றால், சிசுவுடையது பத்து, இருபது. நல்ல பதிவில் ஐம்பது. ஃபில்டர் இரைச்சலைக் குறைக்கும். பிரித்துக் கொடுப்பது அதன் வேலை இல்லை.

எல்எம்எஸ் (ரெஃபரன்ஸ் சிக்னலைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டு கழிக்கும் ஃபில்டர்) ஓட்டினேன். தாயோடு சிசுவும் போய்விட்டது. இன்னொரு வயிற்றுச் சேனலைத்தான் ரெஃபரன்ஸாகக் கொடுத்தேன்.

போகாமல் என்ன செய்யும்? ரெஃபரன்ஸில் சிசு இருந்தால் அதையும் சேர்த்தே கழிக்கும். 1975இல் விட்ரோவும் சகாக்களும் இதைச் செய்துகாட்டியபோது ரெஃபரன்ஸாக வைத்தவை தாயின் மார்பில் ஒட்டிய லீடுகள். சிசு அங்கே பெரும்பாலும் எட்டாது.

ஐசிஏ (கலந்த சிக்னலைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் முறை) ஒவ்வொரு தடவையும் சிசுவை வேறு கூறில் தருகிறது. சில சமயம் தலைகீழாக.

அது அப்படித்தான். வரிசை, கூட்டல்-கழித்தல் குறி, அளவு மூன்றுக்கும் ஐசிஏவில் உத்தரவாதம் கிடையாது. துடிப்பு இடைவெளியைப் பார்த்துக் கூறைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே தாயின் ஆர் முனைகளையும் வரைந்து வையுங்கள்.

டெய்ஸி தரவில் என் ஆழ்கற்றல் மாடல் 99% துல்லியம் தருகிறது. ஆய்விதழுக்கு அனுப்பலாமா?

மாதம் ஒன்றாவது இப்படி வருகிறது. டெய்ஸி என்பது ஒரே ஒரு பெண்ணின் பதிவு. எட்டுச் சேனல், 250 ஹெர்ட்ஸ், மொத்தம் 10 நொடி. அதில் சிசுவின் துடிப்பு இருபத்துச் சொச்சம். ஒன்றைத் தவறவிட்டாலே 95 பக்கம் இறங்கிவிடும். 99 எங்கிருந்து வந்தது? துடிப்புகளை எண்ணாமல், சாம்பிள் சாம்பிளாக (ஒவ்வொரு அளவீட்டுப் புள்ளியாக) எண்ணியிருப்பீர்கள். க்யூஆர்எஸ் இல்லாத இடம்தான் அதிகம் என்பதால், எதையுமே கண்டுபிடிக்காத மாடலும் அங்கே நல்ல மதிப்பெண் வாங்கும். அந்தப் பத்து நொடியைத் துண்டுபோட்டுக் குலுக்கிப் பயிற்சிக்குப் பாதி, சோதனைக்குப் பாதி என்று பிரித்திருந்தால் இரண்டு பக்கமும் அதே இதயம்தான். ஒப்பிட்டுப் பார்க்க, சிசுவின் தலைத்தோலில் நேரடியாக எலக்ட்ரோடு வைத்து எடுத்த பதிவும் அதில் கிடையாது. படம் வரைந்து காட்ட டெய்ஸி போதும், துல்லியம் சொல்லப் போதாது.

ஃபிசியோநெட் என்ற மருத்துவ சிக்னல் தரவுத் தளத்தில் தலைத்தோல் பதிவோடு ஐந்து பெண்களின் ஐந்து நிமிடத் தரவு இருக்கிறது. ஒருவரை முழுசாக ஒதுக்கி வைத்து மற்ற நால்வரில் பயிற்சி கொடுங்கள். அதே தளம் நடத்திய 2013 போட்டியின் தரவில் ஒரு நிமிடப் பதிவுகள் 75 உண்டு, துடிப்புக் குறிகளோடு. அவற்றிலும் ஆறேழின் குறிகள் நம்பும்படி இல்லை, பார்த்து எடுங்கள். 50 மில்லிநொடிக்குள் விழுந்தால் சரி என்று வைத்து, தவறவிட்டது எத்தனை, இல்லாததைக் குறித்தது எத்தனை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். எண் 90க்குக் கீழே வந்தாலும் பரவாயில்லை, அதைப் படிப்பேன்.

நிமிடத்துக்குத் தாய்க்கு 74 துடிப்பு, சிசுவுக்கு 148. இயல்புதானே?

சரியாக இரண்டு மடங்கு வந்தால் எனக்குத் தூக்கம் வராது. தாயின் ஆர் முனையும் அதே துடிப்பில் அதற்குப் பின் வரும் டி அலையும் மிச்சமிருந்து, இரண்டையும் உங்கள் நிரல் எண்ணியிருக்கலாம். சிசுவின் இயல்பு வரம்பான 110–160க்குள் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மறுபடியும் சொல்கிறேன்: தாயின் ஆர் முனைகளைப் பக்கத்தில் வரையுங்கள். இரண்டும் பூட்டியதுபோல் சேர்ந்தே நகர்ந்தால் அது சிசு இல்லை.

கர்ப்பத்தின் 30 வாரப் பதிவில் ஒன்றுமே தெரியவில்லை. எலக்ட்ரோடு பழுதா?

பெரும்பாலும் வெர்னிக்ஸ் என்ற மெழுகுப் படலம்தான். 28 முதல் 32 வாரம் வரை சிசுவைப் போர்த்தும் அந்தப் படலம் மின்சாரத்தைத் தடுக்கும். எந்த அல்காரிதமும் இல்லாத சிக்னலை உண்டாக்காது.

நிரல் ஓடவில்லை, ஏன்?

எத்தனை சேனல், என்ன சாம்பிளிங், எத்தனை வாரம் எதுவுமே எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

தாயின் க்யூஆர்எஸ் வருமிடத்தில் பூஜ்யம் போட்டு மறைத்துவிடலாமா?

தாயின் துடிப்பு 800 மில்லிநொடிக்கு ஒன்று, நீங்கள் மறைப்பது 100 என்றால், சிசுவின் துடிப்பில் எட்டில் ஒன்று அடிபடும். அந்த ஓட்டையைச் சராசரி போட்டு அடைத்தால் துடிப்பு மாறுபாட்டுக் கணக்கு பொய். கடைசிப் பத்துத் தாய்த் துடிப்புகளைச் சராசரி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அளவு பொருத்திக் கழித்துப் பாருங்கள். அதற்கும் தாயின் ஆர் முனை சரியாகக் கிடைத்திருக்க வேண்டும்.