வீல் ஸ்டட் மாத்தணுமா, சுத்தியலை எடுக்கிறதுக்கு முன்னாடி இதை ஒருக்கா வாசிச்சிடுங்க

கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பழைய ஸ்விஃப்ட், பஞ்சர் கடையில காத்து கன்னை வச்சு நட்டு கழட்டும்போது முன்னாடி இடது பக்கம் ஒரு ஸ்டட் (வீல் நட்டு ஏறுற மரை போட்ட கம்பி) முறிஞ்சு போச்சாம். மெக்கானிக் அடிச்சு எடுத்திரலாம்ங்கிறாரு, கூட்டுக்காரன் அடிச்சா பேரிங் போயிரும்ங்கிறான், யாரு சொல்லுறது சரின்னு கேக்காரு.

கூட்டுக்காரன் சொல்லுறதுதான் சரி தம்பி. ஆனா மெக்கானிக்கும் பொய் சொல்லல, அடிச்சா ஸ்டட் வரத்தான் செய்யும். ஸ்டட்டோட தலைக்குக் கீழ பல்லு பல்லா வெட்டியிருக்கும், அதுதான் ஹப், அதாவது வீல் மாட்டுற சுத்துற தகட்டோட ஓட்டைக்குள்ள இறுகிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நம்ம ஊர்ல குளச்சல் முட்டம்னு கடற்கரையை ஒட்டி ஓடுற வண்டின்னா உப்புக்காத்துல துருவும் சேந்து பிடிச்சிருக்கும், அப்போ லேசா தட்டுனா அசையாது, ஓங்கி அடிக்கணும். அந்த அடி ஹப்போட நிக்காது, உள்ள இருக்கிற பேரிங் குண்டு வழியாத்தான் நக்கிளுக்கு (பேரிங்கைத் தாங்குற இரும்பு) போகும், ஈர மண்ணுல கோலிக்குண்டை வச்சு மிதிச்ச மாதிரி குண்டு ஓடுற பாதையில சின்னச் சின்னக் குழி விழுந்திரும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாள் கழிச்சு அறுபதுல போகும்போது ஊஊன்னு ஒரு இரைச்சல் வரும், டயர் சத்தம்னு நெனச்சு டயரை மாத்துனவங்க நெறைய பேரு. சில வண்டியில ஏபிஎஸ் சென்சாருக்கான காந்த வளையமும் பேரிங்லயே இருக்கும், அதுக்கும் இந்த அடி ஆவாது. கேஸ் வச்சு பழுக்கக் காய்ச்சுறேன்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்திருங்க, சீலும் கிரீஸும் வெந்து போவும்.

சரியான முறை அடிக்கிறது இல்ல, அமுக்கித் தள்ளுறது. வீலைக் கழட்டி, வண்டியை ஸ்டாண்டுல நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க), காலிப்பரை (பிரேக் பேடைப் பிடிச்சிருக்கிற பாகம்) கழட்டி, கட்டுக்கம்பியால சஸ்பென்ஷன் ஸ்பிரிங்ல கட்டித் தொங்க விடணும், பிரேக் ஹோஸ்ல தொங்க விடக்கூடாது. டிஸ்க்கை எடுத்துட்டு ஹப்பை மெதுவா சுத்திப் பாருங்க, ஸ்டட் பின்பக்கமா வெளிய வர்ற அளவுக்கு எங்கயாவது இடம் கிடைக்கும், தகரக் கவசம் இடிச்சா அதைக் கொஞ்சம் வளைச்சுக்கிடலாம். பால் ஜாயின்ட் கழட்டுற சி மாடல் பிரஸ் இருக்குல்லா, அதோட ஒரு பக்கத்தை ஹப் தகட்டுக்குப் பின்னால ஸ்டட் தலையைச் சுத்தி உக்கார வச்சு, முன்னால இருந்து ஸ்க்ரூவை முறுக்கினா டப்புனு ஒரு சத்தத்தோட விட்டுரும். தள்ளுறதும் தாங்குறதும் அந்தத் தகட்டுக்குள்ளயே முடிஞ்சு போறதால பேரிங்குக்கு ஒண்ணும் தெரியாது. துருப்பிடிச்சதுன்னா முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற ஆயிலை அடிச்சு வச்சிருங்க.

புது ஸ்டட் வாங்கும்போது பழசைக் கையில கொண்டு போங்க. மாருதிக்கு பெரும்பாலும் 12 எம்எம் தடிமன், மரை இடைவெளி 1.25 எம்எம், டொயோட்டா, ஹூண்டாய்னா பெரும்பாலும் அதே 12 எம்எம்ல மரை இடைவெளி 1.5. பல்லு இருக்கிற இடத்தோட தடிமனும் நீளமும் ஒத்துப் போகணும், இல்லேன்னா நட்டு முறுக்கும்போது ஸ்டட்டும் கூடவே சுத்தும்.

ஏத்துறதுக்கும் சுத்தியல் வேண்டாம். பின்னால இருந்து ஸ்டட்டை விட்டு, பழைய ஸ்டட்டோட பல்லு ஹப் ஓட்டையில பதிஞ்ச தடத்துல புதுசோட பல்லையும் சேத்து வச்சு, முன்னால நாலஞ்சு கெட்டி வாஷர், வாஷருக்கு நடுவுல கொஞ்சம் கிரீஸ், மேல ஒரு பழைய நட்டைத் தட்டைப் பக்கம் உள்ள வர்ற மாதிரி திருப்பிப் போட்டு, கை ஸ்பேனர்ல மெதுவா இழுக்கணும். காத்து கன் வேண்டவே வேண்டாம், மரை உரிஞ்சிரும். ஹப் கூட சுத்துதேன்னு யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிராதீங்க, காலிப்பர் வெளிய தொங்குது, பிஸ்டன் தள்ளிக்கிட்டு வந்திரும். மத்த ரெண்டு ஸ்டட்டுல நட்டைப் போட்டு நடுவுல ஒரு நீளக் கம்பியைக் குறுக்க வச்சு தரையில முட்டுக் கொடுத்தா போதும். ஸ்பேனர் திடீர்னு இறுகும், அப்போ நிறுத்தி பின்னால விரலை விட்டுப் பாருங்க, தலை தகட்டோட ஒட்டி உக்காந்திருக்கணும். அலாய் வீலையே மாட்டி நட்டை முறுக்கி இழுத்துக்கிடலாம்னு சிலபேரு சொல்லுவாவ, வீல் ஓட்டை கெட்டுப் போவும். இழுக்க எடுத்த நட்டை மறுபடி வீலுக்குப் போடாதீங்க, தூரப் போட்டுருங்க.

ஹப்பைச் சுத்திப் பாத்தும் பின்னால இடமே இல்லேன்னா ஹப்பைப் பிரஸ்ல வச்சு வெளிய எடுக்கத்தான் வேணும், பேரிங் தனியா நக்கிள்ல ஏத்துன வண்டியில அப்படி எடுக்கும்போதே பழைய பேரிங் போயிரும், அதனால புது பேரிங் செலவையும் சேத்துக் கணக்குப் போட்டுக்கிடுங்க.

கடைசியா வீல் மாட்டும்போது ஸ்டட்ல இருக்கிற கிரீஸைத் துணியால சுத்தமா துடைச்சிட்டு, எதிரெதிரா நட்டை முறுக்கி, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு காட்டுற ஸ்பேனர்) வச்சு மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்குங்க, சின்ன கார்களுக்கு பெரும்பாலும் 85ல இருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். ரெண்டு மூணு தடவை நாகர்கோவில் போயிட்டு வந்ததும் ஒருக்கா திரும்பச் செக் பண்ணுங்க. முறிஞ்ச ஸ்டட்டுக்குப் பக்கத்துல உள்ளதுல மரை இழுபட்டிருந்தா அதையும் இப்பவே மாத்திருங்க, எப்படியும் எல்லாத்தையும் கழட்டித்தானே போட்டிருக்கு.