வேர்ட்பிரஸ் மெனுவில் பக்கத் தலைப்பு முழுவதும் வருகிறது; பெயரைச் சுருக்குவது எப்படி, எந்தப் பெயர் வைப்பது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு வேர்ட்பிரஸில் இணையதளம் அமைத்திருக்கிறோம். பக்கத் தலைப்புகள் நீளமாக இருப்பதால் மேலே உள்ள மெனு மூன்று வரிக்கு மடங்குகிறது. தலைப்பைச் சுருக்கினால் கூகுள் தேடலில் பாதிப்பு வருமா? மெனுவில் என்னென்ன பெயர் வைக்கலாம்?

பதில்:

பக்கத் தலைப்பில் கை வைக்கவே வேண்டாம். பக்கத்தின் தலைப்பும் மெனுவில் தெரியும் பெயரும் வேர்ட்பிரஸில் தனித்தனி. மெனுவில் ஒரு பக்கத்தைச் சேர்க்கும்போது அதன் தலைப்பையே எடுத்துப் போட்டுக்கொள்வதால்தான் இரண்டும் ஒன்று என்று தோன்றுகிறது.

தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ‘தீம்’ பழைய பாணியில் இருந்தால், ‘அப்பியரன்ஸ்’ போய், ‘மெனுஸ்’ திறந்து, சுருக்க வேண்டிய இணைப்பின் வலப்பக்க அம்புக்குறியைத் தட்டுங்கள். ‘நேவிகேஷன் லேபிள்’ என்று ஒரு கட்டம் விரியும். அதில் நீங்கள் விரும்பும் பெயரை எழுதிச் சேமித்தால் வேலை முடிந்தது. பக்கத்தின் அசல் தலைப்பு கீழே ‘ஒரிஜினல்’ என்று அப்படியே நிற்கும். 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. 2022 ஜனவரியில் வந்த 5.9-க்குப் பிறகான பிளாக் தீம் (தளத்தின் எல்லாப் பகுதிகளையும் ‘பிளாக்’ எனும் துண்டுகளாகத் திருத்தும் தீம்) என்றால், ‘எடிட்டர்’ உள்ளே நேவிகேஷன் பிளாக்கைத் திறந்து, மெனுவில் தெரியும் சொல்லின் மேலேயே நேரடியாகத் திருத்தலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மெனுவில் லேபிளும் தலைப்பும் ஒன்றாகவே இருக்கும்வரை, நாளைக்குத் தலைப்பை மாற்றினால் மெனுவும் தானாக மாறிவிடும். லேபிளை நீங்கள் ஒருமுறை மாற்றிவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அதன் பிறகு தலைப்பில் என்ன செய்தாலும் மெனு அசையாது. நேவிகேஷன் பிளாக்கில் தனித்தனியாகச் சேர்த்த இணைப்புகள் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். பக்கங்களைத் தானாகவே பட்டியலிடும் ‘பேஜ் லிஸ்ட்’ பிளாக் மட்டும் தலைப்பைப் பின்தொடரும். அறங்காவலர் குழுவில் யாராவது பக்கத் தலைப்பைத் திருத்திவிட்டு “மெனுவுல மாறவே இல்லையே” என்று கேட்டால் காரணம் இதுதான்.

கூகுள் பற்றிப் பயம் வேண்டாம். தேடல் முடிவில் தெரியும் தலைப்பு பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மெனு லேபிளைச் சுருக்கினால் அது மாறாது. பக்க முகவரியும் மாறாது. யாரோ வாட்ஸாப்பில் பகிர்ந்த பழைய இணைப்பு உடைந்துவிடுமோ என்று தயங்கித்தான் பலர் மெனுவைத் தொடுவதே இல்லை. லேபிளை நாளுக்குப் பத்துமுறை மாற்றினாலும் எந்த இணைப்பும் உடையாது.

முகவரி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழிலேயே உருவாகும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரிக்குள் ஒன்பது இடத்தை எடுத்துக்கொள்கிறது. புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூடத் தனித்தனியாக ஒன்பது. வேர்ட்பிரஸ் ஒரு பக்க முகவரிக்குத் தருவதோ 200 இடம். அதனால் ‘அருள்மிகு பெருமாள் திருக்கோயில் தல வரலாறு’ என்ற தலைப்பின் முகவரி ‘அருள்மிகு-பெருமாள்-திருக’ என்பதோடு வெட்டுப்பட்டு நிற்கும். அடுத்த பக்கத்துக்கு ‘அருள்மிகு பெருமாள் திருக்கோயில் உற்சவங்கள்’ என்று வைத்தாலும் அதே இடத்தில்தான் வெட்டு விழும், பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். புதுப் பக்கம் போடும்போதே முகவரிக் கட்டத்தில் கையால் குட்டியாக ஒன்று கொடுத்துவிடுங்கள். ஏற்கனவே பரவிவிட்ட பக்கங்களின் முகவரியை மட்டும் யோசித்து மாற்றுங்கள்; பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்குத் திருப்பிவிட ஒரு ரீடைரக்ட் செருகுநிரல் (பிளகின்) தேவைப்படும்.

சரி, எந்தப் பெயர் வைப்பது? என்னைக் கேட்டால் உங்கள் வேலையில் முக்கால் பங்கு இங்கேதான். சின்ன நிறுவனங்களுக்குத் தளம் அமைத்துக் கொடுப்பவன் என்ற முறையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: மெனுவின் பெயர்கள் உள்ளே இருப்பவர்களின் பேச்சிலிருந்து வருகின்றன. ‘நிர்வாகம்’, ‘செயல்பாடுகள்’, ‘சேவைகள்’, ‘மற்றவை’. வெளியிலிருந்து வருபவர் மனதில் இந்தச் சொற்கள் எதுவும் இல்லை. நடை எப்போது திறக்கும், திருமஞ்சனத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும், பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வருவது என்பவைதான் இருக்கின்றன.

உங்கள் கோயிலில் ‘சேவைகள்’ என்ற பெயரை நான் கண்டிப்பாக எடுத்துவிடுவேன். பெருமாள் கோயிலில் “சேவை ஆச்சா?” என்றால் தரிசனம் ஆயிற்றா என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் வருபவர் ‘சேவைகள்’ என்பதைத் தட்டி, தரிசன நேரம் இருக்கும் என்று நினைத்தால், உள்ளே அன்னதானமும் திருமண மண்டப வாடகையும் இருக்கும். அலுவலகப் பழக்கத்தில் வருபவருக்கு அந்தச் சொல் வேறு பொருள் தரும். ‘தரிசன நேரம்’, ‘அர்ச்சனை, திருமஞ்சனம்’, ‘அன்னதானம்’, ‘மண்டபம் பதிவு’ என்று பிரித்து வையுங்கள். ‘திருத்தலத்தின் தொன்மையும் பெருமையும்’ என்பது பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் கம்பீரமாக இருக்கட்டும். மெனுவில் ‘தல வரலாறு’ போதும். ‘தொடர்புக்கு’ என்பதற்குள் வழியையும் புதைத்து வைக்காமல் ‘எப்படி வருவது’ என்று தனியாக ஒன்று வையுங்கள். வெளியூர்க்காரர் முதலில் தேடுவது அதைத்தான்.

எந்தச் சொல் என்று குழப்பம் வந்தால் கோயில் அலுவலகத்தில் போன் எடுப்பவரைக் கேளுங்கள். “சாயங்காலம் நடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?” என்று பத்துப் பேர் கேட்டால் ‘தரிசன நேரம்’ என்பதைவிட ‘நடை திறக்கும் நேரம்’தான் உங்கள் ஊருக்குச் சரியான லேபிள். சற்று நீளம்தான், ஆனாலும் அதையே வைப்பேன். நீளத்தைக் குறைப்பதற்காக மக்கள் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிடக் கூடாது. தளத்தில் தேடல் பெட்டி இருந்தால் அதில் ஆட்கள் என்ன எழுதித் தேடுகிறார்கள் என்றும் பாருங்கள். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் வைத்திருந்தால் அந்தச் சொற்கள் அதில் பதிவாகும்.

அப்புறம், தட்டிய பெயரும் திறக்கும் பக்கத்தின் தலைப்பும் ஒன்றையொன்று அடையாளம் காட்ட வேண்டும். மெனுவில் ‘நன்கொடை’ என்று தட்டி, உள்ளே ‘திருப்பணி நிதிக் குழு’ என்று பெரிதாக வந்தால், பணம் கொடுக்க வந்தவர் தவறான பக்கமோ என்று திரும்பிவிடுவார். ‘திருப்பணி நன்கொடை’ என்று தலைப்பு வைத்தால் அந்தச் சந்தேகம் வராது. பக்கத் தலைப்பில் கை வைக்க வேண்டாம் என்று சொன்ன நானே மாற்றச் சொல்வது இந்த ஓர் இடத்தில்தான்.

ஏழு இணைப்புக்கு மேல் மெனுவில் இருக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். அந்த ஏழு, உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அது மனிதர்கள் கேட்டதை உடனே நினைவில் வைத்திருக்கும் அளவைப் பற்றியது. மெனு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எட்டு தெளிவான பெயர்கள், ஐந்து மூட்டமான பெயர்களைவிட நல்லவை. செல்போனில் எப்படியும் மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் செங்குத்தாகத்தான் வரும்; நேவிகேஷன் பிளாக், திரை அகலம் 600 பிக்சலுக்குக் கீழே போனால் தானாகவே அப்படி மடங்கிக்கொள்கிறது. கணினித் திரையில் ஒரு வரியில் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பார்வையற்றவர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்கலாம். அந்தப் பட்டியலில் ‘மேலும்’, ‘இங்கே’, ‘விவரங்கள்’ என்று வந்தால் எதன் விவரம் என்றே தெரியாது. அலங்காரத்துக்காக லேபிளுக்கு முன்னால் இமோஜி போட்டால் அதன் பெயரையும் சேர்த்துப் படிக்கும். ‘டைட்டில் ஆட்ரிபியூட்’ என்ற கட்டத்தில் விளக்கம் எழுதலாமே என்று சிலர் சொல்வார்கள். மவுஸை மேலே கொண்டுபோனால்தான் அது தெரியும், செல்போனில் வருபவருக்கு அது இல்லவே இல்லை. சொல்ல வேண்டியதை லேபிளிலேயே சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

ஆங்கிலப் பக்கங்களும் இருந்தால் ஒரே லேபிளில் சாய்கோடு போட்டு இரு மொழியையும் திணிக்காதீர்கள். மெனு மறுபடி மூன்று வரியாகிவிடும். பாலிலாங் போன்ற செருகுநிரலில் மொழிக்கு ஒரு மெனு என்று தனித்தனியாக அமைக்கலாம். சில ஆங்கிலத் தீம்கள் மெனு எழுத்துகளுக்கு இடையில் கூடுதல் இடைவெளி விட்டிருக்கும். தமிழில் அது எழுத்துகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தி வாசிக்கச் சிரமமாக்கும். ‘லெட்டர் ஸ்பேசிங்’ மதிப்பைச் சுழியாக்குங்கள்.

வைகுண்ட ஏகாதசி போன்ற நாட்களுக்கு மட்டும் மெனுவின் தொடக்கத்தில் ‘வைகுண்ட ஏகாதசி நேரம்’ என்று ஒன்றைச் சேர்க்கலாம், அந்த வாரம் முழுவதும் வருபவர்கள் அதைத்தான் தேடுவார்கள். பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டும் கேஷ் செருகுநிரல் இருந்தால், இணைப்பைச் சேர்த்ததும் அந்தச் சேமிப்பைக் காலிசெய்யுங்கள், இல்லையென்றால் பழைய மெனுவே சிலருக்குத் தெரிந்துகொண்டிருக்கும். உற்சவம் முடிந்த மறுநாளே அந்த இணைப்பை எடுத்துவிடும் பொறுப்பை இப்போதே ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.