பதவியை இறக்கிய பிறகு வேலையும் போனால்: கேட்ட தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, குளிர்காலச் சப்பாத்து, ஸ்காபரோவில் நிலக்கீழ் அறை வாடகை, சாரதி அனுமதிப்பத்திரம் பற்றியெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல இந்த நகரத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லத் தயங்கமாட்டார்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் முகாமையாளரைப் பற்றிய கேள்விக்காக மட்டும். உணவு பொதியிடும் ஒரே தொழிற்சாலையில் 21 வருடங்கள் வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்மணி, நிறுவனம் கைமாறியதும் மேற்பார்வையாளராக இறக்கப்பட்டு, சம்பளமும் குறைக்கப்பட்டு, இரண்டு மாதங்களில் வேலையையும் இழந்துவிட்டார் என்கிறீர்கள். அவருக்கே இந்த நிலை என்றால் உங்களைப் போன்ற புதியவர்களின் நிலை என்ன, வழக்குப் போட்டால் வேறெங்கும் வேலை கிடைக்காது என்பது உண்மையா, அவர் உங்களைச் சாட்சியாகக் கேட்பதற்கு என்ன பதில் சொல்வது என்பவைதான் உங்கள் கேள்விகள்.

ஊரிலிருந்து வரும் எல்லோரையும் போல நீங்களும் நீண்ட காலச் சேவை என்பது ஒரு பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். அதில் தவறில்லை. இலங்கையில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த வேண்டுமானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை என்று 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இங்கே, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், தொழிற்சங்கம் இல்லாத தனியார் நிறுவனம் அப்படி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மனித உரிமைச் சட்டம் தடுக்கும் பாரபட்சமோ பழிவாங்கலோ இல்லாதவரை, காரணம் சொல்லாமலே உங்களை அனுப்பிவிடலாம். ஆனால் அதற்கு அவர்கள் பணம் கொடுக்க வேண்டும். எனவே 21 வருடச் சேவை அந்தப் பெண்மணியின் கதிரையைக் காப்பாற்றாது. அந்தக் கதிரையிலிருந்து அவரை எழுப்புவதற்கு நிறுவனம் செலுத்த வேண்டிய தொகையைத்தான் அது கூட்டும். இதை விளங்கிக்கொள்ளாமல் இங்கே பதினைந்து, இருபது வருடங்கள் ஓடியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அந்தத் தொகையில் இரண்டு படிகள் உண்டு. முதலாவது, மாகாணத்தின் வேலைத் தராதரச் சட்டம் கொடுக்கும் குறைந்தபட்சம்: ஒரு வருடச் சேவைக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் அதிகபட்சம் 8 வாரங்களுக்கான முன்னறிவித்தல் அல்லது அதற்கு ஈடான சம்பளம். அத்துடன், ஐந்து வருடங்களோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, நிறுவனத்தின் வருடாந்தச் சம்பளப் பட்டியல் 25 லட்சம் டொலரை எட்டினால், வருடத்துக்கு ஒரு வாரமாக 26 வாரங்கள் வரை பிரிவுக் கொடுப்பனவும் சேரும். உங்கள் முகாமையாளருக்கு இரண்டையும் கூட்டினால் 29 வாரங்கள் வரும். நிறுவனம் கைமாறியதால் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது என்று புதிய உரிமையாளர் சொன்னால் நம்ப வேண்டாம்; வியாபாரத்தை வாங்கியவர் பழைய ஊழியரைத் தொடர்ந்து வைத்திருந்தால் பழைய வருடங்களும் அவரோடு சேர்ந்தே வருகின்றன.

இரண்டாவது படியைத்தான் நிறுவனங்கள் வாய் திறந்து சொல்வதில்லை. நீதிமன்றங்கள் வளர்த்த பொதுச் சட்டத்தின்படி, நியாயமான முன்னறிவித்தல் காலம் அந்தக் குறைந்தபட்சத்தைவிட மிக நீளமாக இருக்கலாம். 1960 இல் குளோப் அன்ட் மெயில் பத்திரிகையின் விளம்பர முகாமையாளர் ஒருவர் 16 வருடங்களுக்கு மேல் வேலை செய்தபின் நீக்கப்பட்ட வழக்கில், பதவியின் தன்மை, சேவைக் காலம், வயது, அதுபோன்ற வேலை மறுபடி கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு வருட முன்னறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும் என்று தீர்க்கப்பட்டது. இன்றும் ஒன்ராறியோ நீதிபதிகள் அந்த அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். வழக்கமான உச்சவரம்பு 24 மாதங்கள். வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம் குறைந்தபட்சமே போதும் என்று மட்டுப்படுத்தியிருந்தால் இந்தப் படிக்கு ஏற முடியாது. ஆனாலும் 2020 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், பணிநீக்கம் பற்றிய வாசகங்களில் ஒன்று சட்டத்துக்கு முரணாக இருந்தாலே மற்றவையும் செல்லாது என்று தீர்ப்பளித்தபின், பழைய ஒப்பந்தங்கள் பல உடைந்து போயின. ஆகவே, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று அவரே முடிவு செய்துவிடாமல் ஒரு சட்டத்தரணி அதைப் பார்க்கட்டும்.

இனிப் பதவியிறக்கத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள். வேலை ஒப்பந்தத்தின் அடிப்படையை ஒரு பக்கம் மட்டும் நின்று பெரிதாக மாற்றினால், "உங்களை நீக்குகிறோம்" என்று யாரும் சொல்லாவிட்டாலும் அது நீக்கம்தான். சட்டத்தரணிகள் கன்ஸ்ட்ரக்டிவ் டிஸ்மிசல் என்பார்கள். 1997 இல் ராயல் டிரஸ்ட் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. கியூபெக்கின் மேற்குப் பகுதி முழுவதற்கும் பொறுப்பாக இருந்தவரை ஒரே ஒரு கிளையின் முகாமையாளராக இறக்கிய வழக்கு அது. உங்கள் முகாமையாளருக்கு இன்னும் நெருக்கமானது, 2017 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கு. ஒட்டாவாப் பகுதியில் மக்டொனால்ட்ஸ் உணவகங்களை உரிமம் பெற்று நடத்திய ஒரு நிறுவனம், இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்து முகாமையாளராக இருந்த 62 வயதுப் பெண்ணிடம், வேலையில் குறை கண்டதாகச் சொல்லி, உதவி முகாமையாளராக இறங்குங்கள், இல்லையேல் வேலை இல்லை என்றது. அவர் மறுத்தார். 20 மாதச் சம்பளமாக 104,499 டொலர் நட்டஈடு கிடைத்தது. வேலை தேடுகிற காலத்தில் பலசரக்குக் கடையில் காசாளராகச் சம்பாதித்த சிறு தொகையைக் கழிக்க வேண்டும் என்ற நிறுவனத்தின் வாதமும் எடுபடவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு விடயம் தெளிவாக இல்லை. "வேலையும் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை நிறுத்தினார்களா, அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாரா? அவராக விலகியிருந்தால், பதவியிறக்கத்துக்கும் விலகலுக்கும் இடையிலான அந்த இரண்டு மாதங்களில் அவர் ஏதாவது எதிர்ப்பைத் தெரிவித்தாரா என்பதே வழக்கின் உயிர். ஒன்றும் பேசாமல் புதிய பதவியில் மாதக்கணக்கில் வேலை செய்தால் அதை ஏற்றுக்கொண்டதாக நிறுவனம் வாதிடும். மறுபுறம், கோபத்தில் அன்றே வெளியேறுவதும் ஆபத்து. 2008 இல் வைட்ஹோஸ் நகரத்துத் தொழிற்சங்க ஊழியர் ஒருவரின் வழக்கில், முன்னறிவித்தல் காலம் முடியும்வரை திரும்பி வந்து வேலை செய்யும்படி அழைத்தபோது நியாயமின்றி மறுத்தவருக்கு நட்டஈடு கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். பகைமையோ அவமானமோ நிறைந்த இடத்தில் எவரும் இருந்தேயாக வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்லவில்லை. தான் பழக்கிவிட்ட பிள்ளைகளிடம் உத்தரவு வாங்க நிற்பது அவமானமா என்று நீதிபதியிடம் கேட்கத் தேவையில்லை, அந்தப் பெண்மணியிடம் கேட்டாலே போதும்.

எனக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை. 80களின் கடைசியில் வந்து, நகர மையத்து உணவகமொன்றில் கோப்பை கழுவி, "கனடிய அனுபவம் இருக்கிறதா" என்று கேட்டவர்களிடமெல்லாம் தலைகுனிந்து நின்று, 90களின் தொடக்கத்துப் பொருளாதார மந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மற்றவர்களோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் நான். பிறகு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றில் இயந்திரத்தில் தொடங்கி, மாலைக் கல்லூரியில் படித்து, இரவு நேரப் பிரிவின் முகாமையாளர் ஆனேன். அங்கும் நிர்வாகம் மாறியது. திங்கட்கிழமை முதல், நான் வேலை பழக்கிய ஒருவருக்குக் கீழே, குறைந்த சம்பளத்தில் நிற்கும்படி சொன்னார்கள். அன்றிரவே ஒரு பக்கக் கடிதம் எழுதினேன்: இந்த மாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் சட்ட ஆலோசனை பெறும்வரை வேலைக்கு வருகிறேன். அந்தக் கடிதத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒரு பிரதியைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொண்டேன். பின்னர் ரொறன்ரோவில் நடந்த சமரசப் பேச்சில் விடயம் முடிந்தது. தொகையைச் சொல்வதில்லை என்று கையெழுத்திட்டிருப்பதால் சொல்லமாட்டேன். குறைவில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் என்னை அதிகம் களைக்க வைத்தவர்கள் நிர்வாகத்தினர் அல்லர், நம்மவர்கள். "இவங்களோடை மோதாதேங்கோ, பேர் கெட்டுப்போகும்" என்று கோயில் மண்டபத்தில் வைத்துச் சொன்னவர் மூன்று நிறுவனங்களில் குறைந்தபட்சக் கொடுப்பனவு கூட வாங்காமல் வெளியேறியவர். ஒரு நாளும் சுகவீன விடுப்பு எடுத்ததில்லை என்று பெருமை பேசுகிறவர்கள் இன்னொரு ரகம். அந்தப் பெருமைக்கு எந்த நிறுவனமும் ஒரு சதம் கூடக் கொடுத்ததை நான் பார்க்கவில்லை. சொந்தக் கடை வைத்து, நம் பிள்ளைகளுக்கே கையில் காசாகச் சம்பளம் கொடுத்து, வேலைக் காலத்தையும் சம்பளத்தையும் விலகிய காரணத்தையும் காட்டும் வேலைப் பதிவுப் பத்திரம் கேட்டால் நன்றி கெட்டவன் என்று பேசுகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது. உங்களைப் போல அண்மையில் வந்தவர்கள் எடுத்ததற்கெல்லாம் சட்டம் பேசுகிறீர்கள் என்று பழையவர்கள் குறை சொல்கிறார்கள். நாங்களும் பேசியிருந்தால் சில நிறுவனங்கள் இவ்வளவு துணிந்திருக்கமாட்டா.

வழக்குப் போட்டால் வேறு வேலை கிடைக்காது என்பது அந்த மண்டபத்துப் பேச்சின் மறுபதிப்புத்தான். பெரும்பாலான பிணக்குகள் விசாரணைவரை போவதில்லை, கடிதத்திலும் சமரசத்திலும் முடிகின்றன. அவை எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் வருவதில்லை. எனக்குப் பிறகு கிடைத்த வேலையில் முந்தைய நிறுவனத்தோடு என்ன நடந்தது என்று எவரும் கேட்கவில்லை.

சாட்சி விடயத்தில், ஒதுங்க வேண்டாம், முந்திக்கொள்ளவும் வேண்டாம். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும், திகதியோடு, உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் இப்போதே எழுதி வையுங்கள். நிறுவனத்தின் ஆவணங்களைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பாதீர்கள்; அது உங்களுக்கும் கேடு, அவருக்கும் கேடு. அவருடைய சட்டத்தரணி தொடர்பு கொண்டால் பேசலாம். நிறுவனம் ஏதாவது ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டால், வாசிக்க ஒரு நாள் வேண்டும் என்று சொல்லுங்கள், உண்மையல்லாத ஒரு வரிக்கும் கையெழுத்திடாதீர்கள்.

அவரிடம் சொல்லுங்கள்: இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று எழுதி வாங்க நிறுவனம் நீட்டும் விடுவிப்புப் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். சட்டப்படியான குறைந்தபட்சத்தைப் பெற அந்தக் கையெழுத்துத் தேவையே இல்லை. வழக்குக்கு இரண்டு வருட எல்லை உண்டு. அந்தக் கணக்கு வேலை போன நாளிலிருந்து அல்லாமல் பதவி இறக்கிய நாளிலிருந்தே தொடங்கியதாக எதிர்த்தரப்பு வாதிடலாம். தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்வது இலவசம், ஆனால் அதே பணிநீக்கத்துக்கு அங்கும் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் போக முடியாது. முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு வாரங்களே உண்டு. 21 வருடங்களுக்கு அமைச்சு குறைந்தபட்சத்தை மட்டுமே வாங்கித் தரும் என்பதால், சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் கிடைக்கும் அரை மணி நேர இலவச ஆலோசனையை முதலில் பெறட்டும். வேலையிழப்புக் காப்புறுதிக்கு இவை எதற்கும் காத்திராமல் உடனே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வேலை நாளிலிருந்து நான்கு வாரங்கள் கடந்தால் சில வாரக் கொடுப்பனவுகள் போய்விடக்கூடும். வேலைப் பதிவுப் பத்திரத்தில் அவராக விலகினார் என்று நிறுவனம் குறித்திருந்தாலும் விண்ணப்பத்தில் பதவியிறக்கத்தையும் சம்பளக் குறைப்பையும் கடித நகல்களோடு எழுதட்டும், ஏனெனில் சம்பளத்தில் பெரிய மாற்றம் என்பது விலகுவதற்கு நியாயமான காரணங்களில் ஒன்றாக அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.